உபதேசியார்

உபதேசியார் என்போர் கிறித்தவத் திருச்சபையில் குருப்பட்டம் பெறாமல், குருக்களுக்கும் மறைபரப்பாளர்களுக்கும் துணையாக நின்று சமயக் கல்வி புகட்டுதல், வழிபாடு நடத்துதல், சபையைப் பராமரித்தல் ஆகிய பணிகளைச் செய்வோர் ஆவர். கத்தோலிக்க மரபில் இவர்கள் வேதியர் எனப்படுகின்றனர். தமிழ்நாட்டிலும் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளிலும் 16ஆம் நூற்றாண்டு முதல் கிறித்தவம் பரவியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐரோப்பிய மறைபரப்பாளர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலராகவே இருந்தனர். ஊர்தோறும் தங்கி, மக்களின் மொழியில் பேசி, நாள்தோறும் சபையைக் காத்தவர்கள் உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களுமே. ஆயினும் திருச்சபை வரலாறுகளில் இவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன.

சொற்பொருள்

உபதேசம் என்ற சொல்லிலிருந்து உபதேசியார் என்ற பெயர் அமைந்தது. சீர்திருத்தச் சபைகளில் இச்சொல்லே வழங்குகிறது. கத்தோலிக்கர் தம் சமயத்தை வேதம் என்றும், அதனைக் கற்பிப்பவரை வேதியர் என்றும் அழைத்தனர். முத்துக்குளித்துறையில் 16ஆம் நூற்றாண்டில் இப்பணியாளர் கணக்கப்பிள்ளை எனப்பட்டார். ஊரில் கிறித்தவராயிருப்போரின் பிறப்பு, திருமணம் முதலியவற்றைப் பதிவு செய்து வைத்ததே இப்பெயருக்குக் காரணம். இலங்கையில் மூப்பர், அண்ணாவியார் ஆகிய பெயர்கள் வழங்கின. குருப்பட்டம் பெற்ற உள்நாட்டவர் சீர்திருத்தச் சபையில் நாட்டையர் எனப்பட்டனர். எனவே உபதேசியார் என்பதும் நாட்டையர் என்பதும் வெவ்வேறு நிலைகளைக் குறிப்பவை.

விவிலியப் பின்புலம்

துணைப் பணியாளர் என்னும் வழக்கம் கிறித்தவத்தின் தொடக்க காலத்திலேயே இருந்தது. எருசலேம் சபையில் கைம்பெண்களுக்கு அன்றாட உணவு பகிர்வதில் குறை எழுந்தபோது, அப்பணிக்கென ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. பந்தி விசாரிப்புக்கென நியமிக்கப்பட்ட இவர்களுள் ஸ்தேவான் முதல் இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவில் நற்செய்தியைப் பரப்பினார்.

பவுல் தனியாகப் பணி செய்தவர் அல்லர். அவரை எருசலேம் சபைக்கு அறிமுகம் செய்தவர் பர்னபா. ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. அந்நிருபத்தின் 16ஆம் அதிகாரம் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் என்னும் பெண்ணைப் பரிந்துரைத்துத் தொடங்குகிறது. கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியர் தம் வீட்டிலேயே சபை கூட இடமளித்தனர். அப்பொல்லோ என்னும் சிறந்த பேச்சாளருக்கு மார்க்கத்தைத் தெளிவாக விளக்கியவர்களும் இவர்களே.

ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி உரோமைப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்தவர்களைப் பற்றி அறிய, அவர்களிடையே பணியாளர் என அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததாகக் குறிப்பிட்டுள்ளார். சபையில் பொறுப்பு வகித்த பெண்களைப் பற்றி, கிறித்தவர் அல்லாத ஒருவர் எழுதிய மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்றாகும்.

முத்துக்குளித்துறை

தமிழகத்தின் முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் அவர்களுக்குச் சமயக் கல்வி அளிப்பதற்கு ஆளில்லை. 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. கோவாவில் பயின்ற பரதவ இளைஞர்கள் அவருடன் வந்தனர். உள்ளூரார் சிலரின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சென்று அவர் கற்பித்தார்.

சவேரியார் ஓரூரை விட்டு நீங்கும்போது, செபங்களின் படி ஒன்றை அவ்வூரில் வைத்து, ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துச் செல்வது வழக்கம். சிறுவர்க்கு நாள்தோறும் செபம் கற்பித்தல், சாகும் நிலையிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தல், திருமணத் தடைகளைக் குருவுக்குத் தெரிவித்தல் ஆகியன கணக்கப்பிள்ளையின் கடமைகள். இவர்களின் ஊதியத்துக்காகச் சவேரியார் போர்த்துகல் அரசி கத்தரீனாளிடம் வேண்டினார். அரசியின் காலணிச் செலவுக்கென முத்துக்குளித்துறையிலிருந்து சென்ற தொகை இதற்கென விடப்பட்டது.

1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகச் சவேரியார் 1545இல் எழுதிய கடிதத்தில் கூறுகிறார். அவர் ஓரிடத்தில் நிலையாகத் தங்கவில்லை. ஆகவே திருமுழுக்குப் பெற்றோர் கிறித்தவராக நீடித்தது கணக்கப்பிள்ளைகளின் அன்றாட உழைப்பினால் என்பது தெளிவு.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1546 முதல் 1600 வரை இப்பகுதியில் பணியாற்றினார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களைக் கொண்ட சிறு நூல். செபங்களும் சமயக் கல்வியும் அடங்கிய இந்நூலும், 1579இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கமும் சமயக் கல்வி கற்பிப்போருக்குப் பெரிதும் பயன்படும் வகையில் அமைந்தவை. இவ்வாறு தமிழ் அச்சின் தொடக்கமும் இப்பணியோடு இணைந்துள்ளது.

மதுரை மறைப்பணி

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலிக்குச் சமற்கிருதம் கற்பித்தவர் சிவதர்மர் என்னும் அந்தணர். மதுரை மறைப்பணியில் குருக்கள் சிலரே இருந்தமையாலும், போர்களும் அரசியல் தடைகளும் மிகுந்திருந்தமையாலும் ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் பயணத் தொலைவிலுள்ள ஊர்கள் அடங்கியிருந்தன. குரு ஆண்டுக்கு ஓரிரு முறையே ஓர் ஊருக்கு வர முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தியவரும், புதியோருக்குக் கற்பித்துத் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்தவரும் வேதியரே.

வேதியரின் இன்றியமையாமையை நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). வேதியர் எவ்வாறு வாழவேண்டும், எவ்வாறு பணியாற்றவேண்டும் என்பதை விளக்க வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை அவர் இயற்றினார். ஒரு துணைப் பணிக்கெனத் தனி நூல் எழுதப்பட்டதே அப்பணியின் முதன்மையைக் காட்டும். இந்நூல் தமிழ் உரைநடை வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்கது.

யாழ்ப்பாணம்: குருக்கள் இல்லாத காலம்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாசு அடிகளார் மறைவாக இலங்கைக்கு வரும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மக்கள் குருக்களின்றியே தம் நம்பிக்கையைக் காத்தனர். செபங்களைச் சொல்லிக்கொடுத்தலும் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தலும் பொதுநிலையினராலேயே நடைபெற்றன. யோசேப்பு வாசு அடிகளார் மூப்பர், அண்ணாவியார் ஆகியோரைக் கொண்ட அமைப்பை வலுப்படுத்தி, அதன் வழியாகவே தீவெங்கும் பணியாற்றினார். அவர் 2015 சனவரி 14 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தரங்கம்பாடி

1706 சூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு, உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். டேனிய வணிகக் கழகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் அவருக்கு உதவினார். 1716இல் உள்நாட்டுப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கக் கல்விக்கூடம் ஒன்று தரங்கம்பாடியில் நிறுவப்பட்டது.

தஞ்சை மராத்திய அரசின் எல்லைக்குள் ஐரோப்பிய மறைபரப்பாளர்கள் தடையின்றிச் செல்ல இயலவில்லை. உபதேசியார்களோ எங்கும் நடந்து சென்றனர். தஞ்சைப் பகுதியில் சீர்திருத்தச் சபை வேரூன்றியது இவர்களால்தான். அவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்.

ஆரோன் கடலூரில் பிறந்தவர். ஆறுமுகம் என்பது இவருடைய இயற்பெயர். உபதேசியாராகப் பல ஆண்டுகள் பணியாற்றியபின், 1733 திசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. 1745இல் இறந்தார்.

இராஜநாயக்கன் தஞ்சை அரசின் படையில் பணியாற்றியவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்து அம்மறைப்பணியோடு தொடர்பு கொண்டார். 1720களின் இறுதியில் படைத்தொழிலை விட்டு உபதேசியாரானார். மறைபரப்பாளர் நுழைய முடியாத தஞ்சைப் பகுதியில், எதிர்ப்புகளுக்கிடையே, 1771இல் இறக்கும்வரை பணியாற்றினார். குருப்பட்டத்துக்குத் தகுதியானவராக இவர் கருதப்பட்டபோதிலும், பறையர் குலத்தில் பிறந்தவரிடமிருந்து திருவிருந்து பெற உயர்குலக் கிறித்தவர் மறுப்பர் என்ற அச்சத்தால் மறைபரப்பாளர்கள் பின்வாங்கினர். 1741இல் தியோகு என்பவர் இரண்டாம் நாட்டையராக்கப்பட்டார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

திருநெல்வேலியும் தென் திருவிதாங்கூரும்

திருநெல்வேலியில் சீர்திருத்தச் சபையின் தொடக்கம் ஒரு பெண்ணோடு தொடர்புடையது. தஞ்சையைச் சேர்ந்த அந்தணக் கைம்பெண்ணான கிளாரிந்தா 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் தொடங்கும் அச்சபையின் பதிவேட்டில் 40 பேரின் பெயர்கள் உள்ளன. அவருடைய முயற்சியால் 1785இல் கட்டப்பட்ட ஆலயம் பாப்பாத்தியம்மாள் கோயில் என மக்களால் வழங்கப்பட்டது. சுவார்ட்சு அனுப்பிய உபதேசியார் சத்தியநாதன் இச்சபையைப் பேணி வளர்த்தார். அவர் 1790இல் குருப்பட்டம் பெற்றார்.

நாடார் குலத்தவரான தாவீது சுந்தரானந்தம் உபதேசியாராகித் தம் உறவினரிடையே பணியாற்றியதால் 1797 முதல் பல குடும்பங்கள் கிறித்தவத்தைத் தழுவின. துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்கள் குடியேறுவதற்காக 1799இல் முதலூர் உருவாயிற்று. இந்தக் குழு மதமாற்றங்களில் ஐரோப்பியர் எவரும் முன்னின்று பேசவில்லை. உறவின் வழியாகவே செய்தி பரவியது.

தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தஞ்சையில் கிறித்தவராகி வேதமாணிக்கம் எனப் பெயர் பெற்றார். ஊர் திரும்பித் தம் இனத்தாரிடையே சபை ஒன்றை உருவாக்கினார். 1806இல் இலண்டன் மிசன் சங்கத்தின் ரிங்கல்தௌபே அங்கு வந்தபோது அவரை வரவேற்கச் சபை ஏற்கெனவே இருந்தது. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டு நீங்கியபோது சபைப் பொறுப்பு முழுவதையும் வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். அடுத்த மறைபரப்பாளரான சார்லசு மீட் வந்து சேரும்வரை சபைகளைக் காத்தவர் அவரே.

பழவேற்காடும் ஆரணி ஆற்றுப் பகுதியும்

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியின் வழியே பாயும் ஆரணி ஆறு பழவேற்காட்டை ஒட்டிக் கடலில் கலக்கிறது. (திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி வேறு.) இப்பகுதியில் கிறித்தவத்தின் நுழைவாயில் பழவேற்காடு ஆகும். போர்த்துக்கீசியர் இங்குக் குடியேறினர். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515இல் தோன்றியதாக மரபு கூறுகிறது. பின்னர் ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர்.

ஒல்லாந்தச் சபைக் குருவான ஆபிரகாம் ரொகேரியசு 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் பணியாற்றினார். இந்துக்களின் சமயத்தையும் வழக்கங்களையும் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் லெய்டன் நகரில் வெளியாயிற்று. அதற்கான செய்திகளை அவருக்கு அளித்தவர் பத்மநாபன் என்னும் அந்தணர். பர்த்ருஹரியின் சமற்கிருதப் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்றதும் இந்நூலில்தான். துணை நின்றவர் எல்லோரும் கிறித்தவராக இருந்ததில்லை என்பதற்குப் பத்மநாபனும், தரங்கம்பாடியின் அழகப்பனும் சான்றாவர்.

19ஆம் நூற்றாண்டில் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் வெசுலியன் மறைபரப்பாளர் வில்லியம் கௌடி திருவள்ளூரிலும், ஸ்காத்லாந்துச் சபையின் ஆதாம் ஆண்ட்ரூ செங்கல்பட்டிலும் பணியாற்றினர். நிலமற்ற படியாட்களாக வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்கள் இவர்களை நாடினர். சேரிகளில் உபதேசியாரே பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். நிலப்பட்டா கேட்டு அரசுக்கு விண்ணப்பிக்கும் மக்களுக்கு மறைப்பணியினர் உதவினர். இம்மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் பறையர்களின் நிலை குறித்து 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணை ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. இந்நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன. இச்சூழலில் உபதேசியாரின் பணி, வழிபாட்டை மட்டுமன்றிக் கல்வியையும் நில உரிமையையும் சார்ந்து நின்றது.

பெண்களின் பணி

19ஆம் நூற்றாண்டில் வேதப் பெண்மணிகள் என்னும் பணியாளர் தோன்றினர். வெளியே வாராத பெண்களை ஆண் உபதேசியார் சந்திக்க இயலாது. ஆகவே வேதப் பெண்மணிகள் வீடுகளுக்குச் சென்று விவிலியம் வாசித்தனர். எழுத்தறிவும் தையலும் கற்பித்தனர். நோயுற்றோரைக் கண்டு ஆறுதல் கூறினர். இவர்களுள் கைம்பெண்கள் பலர் இருந்தனர். ஊதியம் பெற்று வீட்டுக்கு வெளியே பணியாற்றிய தமிழ்ப் பெண்களின் தொடக்ககாலத் தலைமுறைகளுள் இவர்களும் அடங்குவர்.

பணிகள்

உபதேசியாரின் பணிகள் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வேறுபட்டன. பொதுவாக அவை பின்வருமாறு:

* காலை, மாலை செபங்களையும், குரு வாராத ஞாயிறுகளில் வழிபாட்டையும் நடத்துதல்
* திருமுழுக்குப் பெறவிருப்போருக்குச் சமயக் கல்வி புகட்டுதல்
* பள்ளி நடத்துதல்
* நோயுற்றோரைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல்
* பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் பேணுதல்
* சந்தைகளிலும் சத்திரங்களிலும் நற்செய்தி கூறுதல்
* சபையாரிடையே எழும் வழக்குகளைத் தீர்த்தல், மனு எழுதித் தருதல்

சமயப் பரவலுக்கு உதவிய காரணங்கள்

முதலாவது, மொழி. மறைபரப்பாளர் பல ஆண்டுகள் முயன்று கற்ற தமிழை உபதேசியார் இயல்பாகப் பேசினார். எந்தச் சொல் மக்களுக்கு விளங்கும், எது நகைப்புக்கு இடமாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாவது, உறவு. சுந்தரானந்தம், வேதமாணிக்கம் ஆகியோரின் வரலாறுகள் காட்டுவதுபோல், தமிழகத்தில் கிறித்தவம் தனியாட்கள் வழியாகப் பரவியதைவிடக் குடும்பம், குலம், ஊர் ஆகியவற்றின் வழியாகவே மிகுதியாகப் பரவியது. அவ்வழியில் நடக்கக்கூடியவர் உறவினராகிய உபதேசியாரே.

மூன்றாவது, உடனிருத்தல். குரு வந்து போகிறவர். உபதேசியார் ஊரில் வாழ்பவர். பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் துன்புறுத்தலிலும் அவர் மக்களோடு இருந்தார்.

நான்காவது, எழுத்தறிவு. படிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பதே எளிய மக்களுக்குப் பெரும் துணையாயிற்று.

சிக்கல்கள்

உபதேசியாரின் நிலை எளிதானதன்று. ஊதியம் குறைவு. பணியில் நீடிப்பது மறைபரப்பாளரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. சபையை உருவாக்கியவர் அதன் தலைமைக்கு வர இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது.

திருநெல்வேலியில் 1820 முதல் பணியாற்றிய ரேனியசு, உபதேசியார்களை மாதந்தோறும் கூட்டிப் பயிற்சி அளித்து, அவர்கள் வழியாகவே நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகளை அமைத்தார். தம் உபதேசியார் சிலருக்கு லுத்தரன் முறையில் குருப்பட்டம் அளிக்க அவர் விரும்பினார். ஆங்கிலிக்கப் பேராயரே பட்டம் அளிக்கவேண்டும் என்று சர்ச் மிசனரி சங்கம் வலியுறுத்தியது. இக்கருத்து வேறுபாடு முற்றி 1835இல் அவர் அச்சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

நாசரேத் பகுதியில் உபதேசியாராகவும் ஆசிரியராகவும் இருந்த சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம், மறைபரப்பாளருடன் ஏற்பட்ட பிணக்கினால் பிரிந்து, 1857இல் இந்துக் கிறித்தவ சபை ஒன்றைப் பிரகாசபுரத்தில் நிறுவினார். ஐரோப்பியப் பணத்தையும் தலைமையையும் அச்சபை ஏற்கவில்லை. துணைநிலையில் வைக்கப்பட்டவர்களிடையே இருந்த மனக்குறையின் வெளிப்பாடாக ஆய்வாளர்கள் இதனைக் கருதுகின்றனர்.

சாதி வேறுபாடு மற்றொரு சிக்கல். இராஜநாயக்கனுக்கு நேர்ந்தது தனி நிகழ்வன்று. எந்தக் குலத்து உபதேசியார் எந்தக் குலத்தாரின் வீட்டுக்குச் செல்லலாம் என்பது கத்தோலிக்க, சீர்திருத்த மறைப்பணிகள் இரண்டிலும் இடையறாத பூசலாயிற்று. மதுரை மறைப்பணியில் 1640 முதல் ஒடுக்கப்பட்ட குலத்தாருக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிக் குருக்கள் நியமிக்கப்பட்டதும் இதனாலேயே.

பிற்கால மாற்றங்கள்

20ஆம் நூற்றாண்டில் தலைமை படிப்படியாக உள்நாட்டவர் கைக்கு வந்தது. திருநெல்வேலிக் கிறித்தவர் 1903இல் தாமே இந்திய மிசனரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டுக்குப் பணியாளரை அனுப்பினர். அச்சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான வே. ச. அசரியா 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று.

கத்தோலிக்கத் திருச்சபையில், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் (1962–1965) பொதுநிலையினரின் பங்கை வலியுறுத்தியது. 2021 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிசு வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான பொதுநிலைப் பணியாக நிறுவினார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர் ஆவார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற இவர், 1752இல் கொல்லப்பட்டார்.

இன்று தமிழகத்தின் சிற்றூர்ச் சபைகளில் உபதேசியார், வேதியர் ஆகிய பணிகள் தொடர்கின்றன. குரு ஒருவரின் பொறுப்பில் பல ஊர்கள் அடங்கியுள்ள இடங்களில், மணியடித்து மக்களைக் கூட்டி, ஞாயிறு வழிபாட்டை நடத்துபவர் பெரும்பாலும் இவரே.